சட்டையை மோந்து பார்த்தால் தெரியாது

பெங்களூரு அல்சூரில் மாலை நேரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா சொன்னார்: "எம் பையன்கிட்ட சிகரெட், வேப் பழக்கமெல்லாம் இல்ல மிஸ், தெனமும் சட்டைய மோந்து பாக்கறேன்."

வேப், அதாவது பேட்டரியில் ஓடும் மின் சிகரெட் விஷயத்தில் இந்தச் சோதனை பலிக்காது. அதில் புகையிலை எரிவதில்லை. மாம்பழமோ புதினாவோ லேசாக மணக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். பென் டிரைவ் மாதிரி, ஹைலைட்டர் மாதிரி பென்சில் பாக்ஸுக்குள்ளேயே கிடக்கும்.

"அது வெறும் நீராவிதானே?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. இல்லை. நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி இழுக்கிறார்கள். இப்போது வருபவற்றில் பல நிக்கோட்டின் உப்பு வகை. தொண்டையில் எரிச்சல் குறைவு என்பதால் புதுசாக இழுக்கிறவனுக்குக்கூட இருமல் அவ்வளவாக வராது, நிக்கோட்டின் மட்டும் தாராளமாக உள்ளே போகும். மூளை முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. அதற்குள் தொட்டால் பிடி இறுகுவதும் சீக்கிரம்.

இந்தியாவில் வேப்பை 2019லேயே தடை செய்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு. விற்றால் முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் போன் வழியே கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, "சேர்க்கை சரியில்ல" என்று சொல்லிக் கையைக் கழுவுவது. நண்பர்கள் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2019ல் இந்தியப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிகரெட்டைத் தொட்டவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கை யார்? அப்பா, மாமா, சித்தப்பாதான்.

அந்த அம்மாவிடம் வீட்டில் யாராவது பிடிப்பார்களா என்று கேட்டேன். "அவரு மாடிக்குப் போய்தான் பிடிப்பாரு மிஸ், வீட்டுக்குள்ள கெடையாது." மாடியில்தான் பையன் படிப்பதும். போதாததற்கு, "டேய், ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா" என்று தெருமுனை பேக்கரிக்கு அவனையே அனுப்புகிறார்கள். கர்நாடகத்தில் இப்போது 21 வயதுக்குக் கீழே யாருக்கும் சிகரெட் விற்கக் கூடாது, சில்லறையாக விற்கவும் கூடாது. டீ கிளாஸோடு ஒற்றை சிகரெட் நீட்டும் கடை எத்தனை என்று சாயங்காலம் ஒரு தடவை நடந்து பார்த்தாலே தெரியும். பாக்கெட் வாங்கக் காசில்லாத பையனுக்கு ஒற்றை சிகரெட்தான் வாசல்.

இன்னொன்று பேசப்படுவதே இல்லை. பதற்றம், மனச்சோர்வு, கவனம் நிற்காத தொல்லை உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். பியூசி (பிளஸ் ஒன், பிளஸ் டூ), சிஇடி நுழைவுத் தேர்வு என்று மண்டை காய்கிறவன் ஒரு இழுப்பில் மனசு லேசானதாக நினைக்கிறான். பழகியபின் அந்த இழுப்பு அடக்குவது, முந்தைய இழுப்பு கிளப்பிவிட்ட தவிப்பைத்தான். டியூஷனில் அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் கேட்கிற பையனை நான் திட்டியிருக்கிறேன். இப்போது தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

மாட்டிக்கொண்டால் அடி, போன் பறிமுதல், ஆம்பூரில் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. திடீரென நிறுத்தும் பிள்ளைக்கு எரிச்சல் வரும், தூக்கம் கெடும், புத்தகத்தில் கண் நிற்காது. முதல் சில நாள் கடுமை, பிறகு சில வாரங்களில் தணியும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் சண்டை வந்தால் அவன் திரும்ப அதைத்தான் தேடுவான். சிகரெட்டை விட வேப் தேவலை என்று மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். பழக்கத்தை நிறுத்தத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் இலவச எண் 1800 11 2356. அதன் மையம் ஒன்று நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலேயே இருக்கிறது. பையனைக் கூப்பிட வைப்பதற்கு முன்னால் மாடிக்குப் போகிறவர் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம்.