இங்கிலாந்துக்குப் படிக்க வரும் நெல்லைப் பிள்ளைகளே, கோயில் தேடும்போது

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வருகிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ரூம், சிம் கார்டு, பேங்க் கணக்கு பற்றிச் சொல்ல நூறு பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் முதலில் கேட்பது "கோயிலுக்குப் போனியாலே?" என்றுதான் (நம்ம ஊரில் சர்ச்சைத்தானே கோயில் என்போம்), அதற்கு என்ன வழி என்று யாரும் சொல்வதில்லை.

வந்த முதல் ஞாயிறே போய்விடுங்கள். மூன்று வாரம் தூங்கிவிட்டால் நான்காவது வாரம் எழும்பவே மாட்டீர்கள்.

எல்லாரும் முதலில் தமிழ்ச் சபையைத்தான் தேடுவோம். நானும் தேடிப்பிடித்து, இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தேன், அக்டோபர் மழை ஆரம்பித்ததும் அந்த வைராக்கியமெல்லாம் கரைந்துவிட்டது. அதனால் நான் சொல்வது, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோயிலுக்கு வாராவாரம் போங்கள், தமிழ்ச் சபைக்கு மாதம் ஒருமுறை போங்கள். அங்கே இலங்கைத் தமிழர்கள் நிறைய இருப்பார்கள், அவர்கள் பேச்சு காதுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும்.

சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளுக்குப் பெரிய சிரமம் இல்லை. 1947-இல் உருவான நம் சபையும் இங்கிலாந்து திருச்சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்ற ஒரே உலகளாவிய சபைக் குடும்பத்தில் இருக்கின்றன, ஆகவே திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்தவர்கள் இங்கே தயங்காமல் திருவிருந்து (கம்யூனியன்) எடுக்கலாம். ஊர் ஐயரிடம் (போதகரிடம்) ஒரு கடிதம் வாங்கி வந்தால் நல்லது, பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். 'அ சர்ச் நியர் யூ' தளத்தில் போஸ்ட்கோட் போட்டால் பக்கத்துக் கோயில்களும் ஆராதனை நேரமும் வந்துவிடும். ஆர்சி (ரோமன் கத்தோலிக்க), பெந்தெகொஸ்தே பிள்ளைகள் யுனிவர்சிட்டி சாப்ளின்சியில், அதாவது மாணவர்களுக்கென்று இருக்கிற போதகர் (சாப்ளின்) அலுவலகத்தில் கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள்.

நேரத்தைப் பார்க்காமல் நான் முதல்முறை எட்டு மணி ஆராதனைக்குப் போய்விட்டேன். ஒன்பது பேர், எல்லாரும் தாத்தா பாட்டி, பாட்டே கிடையாது. ஆனால் பழைய ஜெபப்புத்தகத்தை வைத்து வாசிக்க ஆரம்பித்ததும், அட, இது நம்ம ஊர் ஆராதனை முறைமைதானே! கர்த்தருடைய ஜெபம் வந்தபோது "பரமண்டலங்களிலிருக்கிற" என்று வாய் தானாகப் போயிற்று. பத்து மணி ஆராதனையில் பாட்டு உண்டு, நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்து ராகங்கள் பலவும் அங்கே காதில் விழும், வார்த்தை தெரியாவிட்டால் தமிழிலேயே மெதுவாகப் பாடுங்கள்.

செருப்பை வாசலில் கழற்ற வேண்டாம். முக்காடு உங்கள் இஷ்டம். காணிக்கைக் கவரில் 'கிஃப்ட் எய்டு' (கொடுத்தவர் கட்டிய வரியில் ஒரு பங்கைச் சபை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) என்று கையெழுத்து கேட்டால், இங்கே வருமான வரி கட்டாதவர்கள் போடக்கூடாது, பிற்பாடு அந்தத் தொகையை உங்களிடம் கேட்க இடமுண்டு.

முக்கியமான விஷயம் ஆராதனை முடிந்தபிறகுதான் இருக்கிறது. டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். கையில் கப்பை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றால் நாலு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். ஊரில் கோயில் விருந்தான அசனத்தில் வாளி தூக்கிப் பரிமாறின பிள்ளைதானே நீங்கள், நேரே அடுப்படிக்குப் போய் கப் கழுவட்டுமா என்று கேளுங்கள். நான் மூன்றாவது வாரம் அப்படிக் கேட்டேன். துடைத்துக்கொண்டிருந்த பாட்டியம்மா என் பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்து, ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னார், அடுத்த வாரம் சாப்பிடவும் கூப்பிட்டார்.

இன்னொன்று. கேம்பஸில் யாராவது பைபிள் ஸ்டடிக்கு வா என்று விடாமல் கூப்பிட்டு, எந்தச் சபை என்று கேட்டால் மழுப்பினால், அல்லது வீட்டில் சொல்லாதே என்றால், ஒதுங்கிவிடுங்கள். சாப்ளினிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அப்புறம் கிறிஸ்மஸ். ஊரில் விடியுமுன்னே எழுந்து போவோம், இங்கே 24-ஆம் தேதி நடுராத்திரி ஆராதனைக்குத்தான் கூட்டம். 25 அன்று ரயில் ஓடாது, பஸ்ஸும் அநேகமாக இருக்காது. டிசம்பர் பாதியிலேயே யார் காரிலாவது ஒரு இடம் சொல்லி வையுங்கள், கப் கழுவின சிநேகம் அன்றைக்குத்தான் கைகொடுக்கும்.