கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறீங்களா, இத படிச்சுட்டு போங்க

ஏற்காடு மலைப்பாதைல ஒரு கார் பைக்க இடிச்சத பாத்தீங்க, போலீஸ்கிட்ட விவரமும் சொன்னீங்க, அப்புறம் மறந்தே போச்சு, திடீர்னு ஒரு நாள் வீட்டுக்கு சம்மன் வருது. பயப்படாதீங்க, ஆனா போகாம மட்டும் இருந்துடாதீங்க, அடுத்து வாரன்ட்தான்.

காலைல பத்து மணிக்கெல்லாம் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுல இருங்க. மலைல இருந்து வர்றவங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக வேணாம், அஸ்தம்பட்டிலயே இறங்கிடலாம். சம்மனையும் ஆதாரையும் கைல வெச்சுக்கிட்டு கோர்ட் டூட்டி போலீஸ்கிட்ட வந்துட்டேன்னு சொல்லிடுங்க. அன்னிக்கே கூப்பிடுவாங்கன்னு நம்பாதீங்க, வாய்தா போட்டாலும் போடுவாங்க.

கூண்டுல ஏறினதும் உறுதிமொழி, அப்புறம் அரசு வக்கீல் முதல் விசாரணை. இங்க ஒரே விஷயம்தான், கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. "கார் ரொம்ப வேகமா வந்துச்சு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது மட்டும் நிக்காது, வேகமா போனாங்கறத வெச்சு மட்டும் அஜாக்கிரதைன்னு முடிவு பண்ண முடியாதுன்னு 1998லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அதனால வளைவுல ஹாரன் அடிச்சாங்களா, மேல ஏறுற வண்டிக்கு வழி விட்டாங்களா, ரோட்டோட எந்தப் பக்கம் வந்தாங்க, நீங்க எவ்ளோ தூரத்துல நின்னீங்க, இதெல்லாம் சொல்லுங்க. பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னத நீங்க பாத்த மாதிரி சேக்காதீங்க, அவர் பாத்தத அவரே வந்து சொல்லட்டும்.

குறுக்கு விசாரணைலதான் ஆட்டமே. எதிர்தரப்பு வக்கீல் கடைசில "நீங்க சம்பவ இடத்துலயே இல்ல, போலீஸ் சொல்லிக் கொடுத்து பொய் சாட்சி சொல்றீங்கன்னா சரியா?"ன்னு கேப்பார். கோவப்படாதீங்க, எல்லா கேஸ்லயும் எல்லா சாட்சிகிட்டயும் கேக்கறதுதான், "சரியல்ல"ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க. ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்ல, தெரியலன்னா தெரியல, அதுவும் பதில்தான், சும்மா ஊகிச்சு சொன்னாதான் மாட்டுவீங்க. போலீஸ் எழுதின வாக்குமூலத்துல உங்க கையெழுத்து இருக்காது, சட்டப்படி வாங்கவும் கூடாது, ஆனா அதுல இல்லாதத புதுசா சொன்னா வக்கீல் அங்கதான் பிடிப்பார். வேணும்னே பொய் சொன்னா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அதையும் தெரிஞ்சுக்கோங்க.

டைப் பண்ணி முடிச்சதும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, தப்பு இருந்தா ஜட்ஜ்கிட்டயே சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. கிரிமினல் கேஸ்னா சாட்சிப்படி, அதாவது சாட்சி வந்து போற செலவுக்கான காசு, கேக்க சட்டத்துல இடம் இருக்கு, பெருசா ஒண்ணும் வராது, இருந்தாலும் பெஞ்ச் கிளார்க்கிட்ட கேட்டுப் பாருங்க, அதனால பஸ் டிக்கெட்ட தூக்கிப் போட்டுடாதீங்க.