பினாங்கு வேலைச் சந்தையைப் படிப்பது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு

2023-இல் எங்கள் ஃபேக்டரி லைனில் முதலில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்றது. அப்புறம் சனிக்கிழமை ஷிப்ட் நின்றது. ஆகஸ்டில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எஸ்.எம்.டி. மெஷின் (சர்க்யூட் பலகையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துவது) பார்க்கும் டெக்னீஷியனாக ஆறு வருடம் ஓட்டியவன், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வருடம் உலகம் முழுக்கவே சிப் விற்பனை சரிந்திருந்தது என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் மண்டையில் இருந்தது கார் தவணை மட்டும்தான்.

பெரியப்பா, "கோலாலம்பூர் போய் கோடிங் படி" என்றார். பழைய சூப்பர்வைசர், "பத்து காவான் தொழிற்பேட்டைல ஆள் எடுக்கறாங்க, இதையே பிடிச்சுக்கோ" என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. சரி, அரசாங்கம்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களை வெளியிடுகிறதே, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இப்போது அக்கா மகன் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு அதே கேள்வியோடு வந்து நிற்கிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியவை: ஒரு லேப்டாப், ஒரு நோட்டுப் புத்தகம், கூகள் ஷீட்ஸ். எக்செல் வேண்டாம் என்பது என் பிடிவாதம். ரெஸ்ட் நேரத்தில் போனிலேயே திறந்து ஒரு வரி சேர்க்க முடிகிற கோப்புதான் நிலைக்கும். வேலை தேடும் செயலி எதையும் இப்போதைக்கு இறக்காதீர்கள். அது உங்களை விண்ணப்பிக்க வைக்கும், யோசிக்க விடாது.

படி 1: வேலையின் பெயரை மறந்துவிட்டு அதன் குறியீட்டைப் பிடியுங்கள்

நம் ஊர் விளம்பரங்களில் 'எஞ்சினியர்' என்ற சொல்லுக்கு மரியாதையே இல்லை. பொருள் விற்பவர் சேல்ஸ் எஞ்சினியர், மெஷினைக் கழற்றி மாட்டுபவர் எக்விப்மெண்ட் எஞ்சினியர். பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றும். அதனால் மலேசியத் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலான 'மாஸ்கோ'வை இறக்கிக்கொள்ளுங்கள். "ரஷ்யாவா மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். இல்லையடா. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் வகைப்பாட்டை ஒட்டி நம் நாட்டுக்காகத் தயாரித்த பட்டியல் இது. 2020 பதிப்பை எடுங்கள். கூகளில் தேடினால் 2013 பதிப்பும் முன்னால் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

குறியீட்டின் முதல் இலக்கம்தான் முக்கியம். 1 மேலாளர்கள், 2 தொழில்முறை வல்லுநர்கள், 3 டெக்னீஷியன்கள். இந்த மூன்றும் 'திறன் பெற்ற' வேலைகள். 4 முதல் 8 வரை 'பாதித் திறன்', 9 அடிப்படை வேலை. லைனில் மெஷினை ஓட்டும் ஆப்பரேட்டர் 8-இல் வருவார், அதே மெஷின் நின்றால் வந்து சரிசெய்பவர் 3-இல். இரண்டு பேருக்கும் நடுவே மூன்றடி தூரம்தான், ஆனால் புள்ளிவிவரத்தில் வேறு வேறு வீடு.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை விட்டுவிட்டு, அந்த ஆள் காலை முதல் மாலை வரை கையால் என்ன செய்கிறார் என்று ஐந்து வரி எழுதுங்கள். நான் எழுதியது இப்படி: ஃபீடர் மாட்டுவது, நாசில் சுத்தம் செய்வது, மெஷின் ஏன் பாகத்தைத் தவறவிடுகிறது என்று பார்ப்பது, மாதாந்தரப் பராமரிப்பு, ரிப்போர்ட். இதைப் பட்டியலில் உள்ள பணி விளக்கங்களோடு ஒப்பிட்டால் அரை மணி நேரத்தில் குறியீடு கிடைத்துவிடும்.

படி 2: வட்டம் போடுங்கள், மாநிலக் கோட்டை நம்பாதீர்கள்

நான் மூன்று மாதத்தை வீணாக்கிய இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

நான் இருப்பது புக்கிட் மெர்தாஜாமில், பினாங்கின் பெருநிலப் பக்கம். 'பினாங்கு' என்று வடிகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எண்களிலும் பினாங்கு, வேலை விளம்பரத்திலும் பினாங்கு. விளைவு, கூலிம் என் கண்ணிலேயே படவில்லை. கூலிம் ஹைடெக் பார்க் கெடா மாநிலத்தில் இருக்கிறது. 1996 முதல் இயங்கும் பூங்கா. என் வீட்டிலிருந்து, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸைவிடக் கிட்ட, கடலைத் தாண்டவும் வேண்டாம். கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது அங்கேதான்.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் தொழிலாளர் படை ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு. ஆகவே உங்களை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் எண்ணுவார்கள், வேலை பார்க்கும் மாநிலத்தில் அல்ல. அக்கா வீடு பாரிட் புந்தாரில். பேராக்கின் மூலை அது. ஆற்றைத் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. கொஞ்சம் வடக்கே போனால் நிபோங் திபால், பினாங்கு. விடிவதற்கு முன்னால் ஒரே ஃபேக்டரி பஸ் இந்த மூன்று இடத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே எல்லாரும் ஒரே லைனில் நிற்கப் போகிறவர்கள். கணக்கில் மட்டும் மூன்று மாநிலம்.

அதனால் செய்ய வேண்டியது: வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தொழிற்பேட்டைகளைத் தாளில் எழுதுங்கள். பாரிட் புந்தாரிலிருந்து என்றால் பத்து காவான், புக்கிட் மின்யாக், பிறை, கூலிம், இரண்டாவது பாலம் ஏறினால் பத்து மாவுங், பாயான் லெப்பாஸ். 2019 முதல் இரண்டு பாலத்திலும் மோட்டார்சைக்கிளுக்கு டோல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொமுட்டர் ரயில் இருக்கிறது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஃபேக்டரி வாசலுக்கு எப்படிப் போவீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பிறகு, அந்த வட்டம் தொடுகிற எல்லா மாநில எண்களையும் எடுங்கள்.

படி 3: எண்களை இறக்குவது

புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் (OpenDOSM) தளத்துக்குப் போய், மாநில வாரியான காலாண்டுத் தொழிலாளர் படைத் தரவைத் தேடுங்கள். சி.எஸ்.வி. கோப்பாகவே கிடைக்கும், ஷீட்ஸில் நேராகத் திறக்கும். பி.டி.எஃப். அறிக்கையிலிருந்து எண்களைக் கையால் தட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

திறந்ததும் இரண்டு இடத்தில் குழம்புவீர்கள். ஒன்று தேதி. '2023-10-01' என்று இருந்தால் அது அக்டோபர் முதல் தேதி நிலவரம் அல்ல, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு. இரண்டு, ஆட்கள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும். பினாங்கின் தொழிலாளர் படை தொள்ளாயிரத்தை ஒட்டி இருப்பதைப் பார்த்து, கோப்பு கெட்டுவிட்டது என்று நான் இரண்டு தடவை மறுபடி இறக்கினேன். ஒன்பது லட்சத்தைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

வேலையின்மை விகிதம் குறைவாக இருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஆய்வு குறிப்பிடும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உழைத்திருந்தால் போதும், நீங்கள் 'வேலையில் இருப்பவர்'. ஒப்பந்தம் போன பிறகு நான் சாப்பாடு டெலிவரி ஓட்டினேன். கணக்குப்படி அந்த மாதங்களில் எனக்கு வேலை இருந்தது! என்னைப் போன்றவர்களைப் பார்க்க வேண்டுமானால் 'திறன் சார்ந்த குறைவேலை' என்ற தனித் தரவைத் தேடுங்கள். டிப்ளோமாவோ டிகிரியோ வைத்துக்கொண்டு பாதித் திறன், அடிப்படை வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை அது. படிப்பைத் தேர்ந்தெடுப்பவருக்கு வேலையின்மையைவிட இந்த எண்தான் பயன்படும் என்பது என் கருத்து.

படி 4: சம்பளம்

சராசரியைப் பார்க்காதீர்கள். 2023-இல் மலேசியக் குடிமக்களின் மாதச் சம்பளச் சராசரி 3,441 வெள்ளி (ரிங்கிட்). இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது, 2,602 வெள்ளி. மேலே இருக்கும் சிலர் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். புள்ளிவிவரத் துறையின் இந்தச் சம்பள அறிக்கையும் வீட்டை வைத்து எடுப்பதுதான், ஆகவே படி 2-இல் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

விளம்பரத்தில் வரும் சம்பளத்தை அப்படியே நம்ப வேண்டாம். 'மூவாயிரம் வரை' என்றால் அதில் ஓ.டி.யும் ஷிப்ட் அலவன்ஸும் கலந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். ஓ.டி. பணத்துக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு) பிடிப்பார்கள், ஆனால் இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி) கிடையாது. ஓ.டி.யை நம்பி ஆறு வருடம் ஓட்டியவனின் இ.பி.எஃப். கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு நானே சாட்சி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அதை அடிக்கோடாக வைத்துக்கொண்டு, அடிப்படைச் சம்பளம் அதிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

படி 5: பற்றாக்குறைப் பட்டியல்

அரசு அமைப்பான டேலண்ட்கோர்ப் வெளியிடும் 'மைகோல்' பட்டியல் 2015 முதல் வருகிறது. முதலாளிகள் ஆள் கிடைக்காமல் திண்டாடும் வேலைகள் அதில் இருக்கும், பக்கத்திலேயே மாஸ்கோ குறியீடும் இருக்கும். படி 1-இல் எழுதிய குறியீட்டை அதில் தேடுங்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், அது நாடு தழுவிய பட்டியல், உங்கள் வட்டத்துக்கானது அல்ல.

படி 6: நான்கு ஞாயிற்றுக்கிழமை

சர்வே எண்கள் எப்போதும் சில மாதம் பழையவை. இன்றைய நிலவரத்துக்கு விளம்பரங்களை எண்ணுவதுதான் வழி. பெர்கேசோவின் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம் ஒன்று, ஏதாவது ஒரு தனியார் தளம் ஒன்று. நான்கு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரம், ஒரே தேடல். விண்ணப்பிக்கக் கூடாது, எண்ண மட்டும் வேண்டும்.

ஷீட்டில் ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி: இடம், குறியீட்டின் முதல் இலக்கம், கேட்கும் சான்றிதழ், அடிப்படைச் சம்பளம், திரும்பத் திரும்ப வரும் திறன். அந்தக் கடைசிக் கட்டம்தான் என் முடிவை மாற்றியது. கோடிங்கா ஃபேக்டரியா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, மெயின்டனன்ஸ் விளம்பரங்களில் பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) என்ற மூன்றெழுத்து வரிக்கு வரி வந்தது. எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். மூன்று மாதம் வார இறுதி வகுப்பு போனேன். பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு அதிகாரியை எடுக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் மைஃபியூச்சர்ஜாப்ஸில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. ஆகவே அங்கே சில விளம்பரங்கள் விதிக்காகப் போட்டவையாக இருக்கலாம். விசித்திரமான தகுதிகளை அடுக்கும் விளம்பரத்துக்கு நான் கேள்விக்குறி போட்டுவிடுவேன்.

படி 7: இரண்டு பேரிடம் பேசுங்கள். அந்தக் குறியீட்டில் இப்போது வேலை செய்பவராக இருக்க வேண்டும், ரிட்டயர் ஆன மாமாவாக இருக்கக் கூடாது.

பிற்சேர்க்கை

கே.எல்.லிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, கோலாலம்பூர் எண்ணை மட்டும் எடுத்தேன், என் துறையே காணோம்." பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலமும் சிலாங்கூர் கணக்கில் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா மூன்றையும் எடுங்கள்.

இன்னொரு தங்கை காட்டிய ஓட்டை: ஒரே வேலையை நான்கு ஏஜென்சி நான்கு பெயரில் போட்டிருக்கிறார்கள், அவரும் நான்காக எண்ணிவிட்டார். நியாயம்தான். இடமும் சம்பளமும் பணி விவரமும் ஒன்றாக இருந்தால் ஒரு வரியாகச் சுருக்குங்கள். என் பழைய ஷீட்டைத் திறந்து அப்படிச் சுருக்கிப் பார்த்தேன். வரிகள் குறைந்தன, பி.எல்.சி. மட்டும் முதலிடத்திலிருந்து இறங்கவில்லை.

எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) எந்த நிலை வரை போக வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. உங்கள் வட்டத்து விளம்பரங்கள் எதைக் கேட்கின்றன என்று ஷீட்டையே வடிகட்டிப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா மகன் இப்போது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறான். என் ஷீட்டில் இல்லாத ஒரு கட்டத்தை அவனாகவே சேர்த்திருக்கிறான்: 'ஃபேக்டரி பஸ் எங்கே நிற்கும்'. அவனிடம் இன்னும் மோட்டார் லைசென்ஸ் இல்லை.