பாதி மாட்டிய பிளேடு: வைப்பர் இணைப்பை வடிவமைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். சில வருடங்களுக்கு முன் அன்றைக்குச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் நிறுத்தியிருந்த புல்தரையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, தன் பக்கி வண்டியின் (பிக்கப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) முன்னால் நனைந்துகொண்டே நின்றார். ஒரு கையில் புது வைப்பர் பிளேடு, இன்னொரு கையில் கிழித்த அட்டை. "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்றார். அவருக்கு அந்த அளவுதான் தமிழ் வரும், மிச்சப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

பிளேடு ஏற்கெனவே கையில், அதாவது வைப்பர் ஆர்மில், மாட்டியிருந்த மாதிரிதான் தெரிந்தது. இரண்டு முறை அவரே மாட்டியிருக்கிறார், இரண்டு முறையும் ஓடத் தொடங்கியதும் கழன்றுவிட்டது. நான் கழற்றி மாட்டினேன். மேல்மூடியை அழுத்தினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. சரி, முடிந்தது என்று நினைத்து, பழக்கத்தில் பிளேடை லேசாக இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது.

அந்த 'டக்' லாக்கின் சத்தம் இல்லை, மேல்மூடியின் சத்தம். பிளேடை ஆர்மில் பூட்ட வேண்டிய, உள்ளே இருந்த பிளாஸ்டிக் நாக்கு ஆர்மின் வளைவைத் தாண்டவே இல்லை. அது தாண்டாமலேயே மூடி மூடிக்கொள்கிறது, சத்தமும் போடுகிறது. வாகனங்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வடிவமைப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட எனக்கே அது தெரியவில்லை என்றால் அந்த அக்காவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வைப்பர் இணைப்பில், அதாவது பிளேடையும் ஆர்மையும் சேர்க்கும் பாகத்தில், நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். இணைப்பு ஒன்று மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 'மாட்டின மாதிரி' என்று ஒரு நிலை இருந்தால், அந்தப் பிளேடு என்றைக்காவது நெடுஞ்சாலையில் பறக்கும். இங்கே நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று பிளேடைத் தூக்கப் பார்க்கும், எதிரே லாரி தண்ணீரை வாரி அடிக்கும். பிளேடு போன பிறகு வெறும் இரும்பு ஆர்ம் கண்ணாடியை உழும்.

இதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, நாக்கு முழுதாக விழாதவரை மூடி மூட முடியாதபடி செய்வது. நாக்கு உயர்ந்து நிற்கும்போது மூடியின் உட்புறம் அதில் இடிக்க வேண்டும். இரண்டாவது, பாதி வழியில் நின்றால் ஸ்பிரிங் தன்மையே பிளேடை வெளியே தள்ளிவிட வேண்டும். நாக்கின் முனைச் சரிவைச் சரியாக வைத்தால் இது தானாகவே நடக்கும். மூன்றாவது, கண்ணுக்கு ஓர் அடையாளம். பூட்டாத நிலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு வெளியே தெரிந்து, பூட்டினால் மறைந்துவிட வேண்டும். மழை இரைச்சலில் 'டக்' காதில் விழாது. காது மந்தமானவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள்.

அடுத்தது, லாக்கின் மேல் சுமையை ஏற்றுவது. இதை வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிளேடு கண்ணாடியில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 15 நியூட்டன். 600 மில்லிமீட்டர் பிளேடுக்கு 9 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. அந்த அழுத்தத்தில் ரப்பர் கண்ணாடியை உரசும்போது பக்கவாட்டில் ஒரு விசை வரும். கண்ணாடி நன்றாக நனைந்திருந்தால் அது சொற்பம். மழை விட்டுக் கண்ணாடி பாதி காய்ந்திருக்கும்போதுதான் உரசல் பல மடங்காகும். நிமிடத்துக்கு 45 முறை போய் வந்தால், ஒரு மணி நேரத்தில் 5,400 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் இணைப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிபடும்.

இந்த இடியை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் நாக்கு வாங்கக் கூடாது. கெட்டியான பக்கச் சுவர்கள் வாங்க வேண்டும். நாக்கின் வேலை ஒன்றே ஒன்று: பிளேடு வந்த வழியே திரும்பிப் போகாமல் மறிப்பது. கதவின் பாரத்தைக் கீல் தாங்கும், தாழ்ப்பாள் தாங்காது, அது போல. நாக்கைத் தனியாக வெட்டி எறிந்துவிட்டுப் பிளேடை உலர்ந்த கண்ணாடியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் கூடினால் சுமை தவறான வழியில் போகிறது என்று அர்த்தம்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆர்மைப் பிடிக்கும் சுவர்களின் நீளம் 20 மில்லிமீட்டர், இடைவெளி 0.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 600 மில்லிமீட்டர் பிளேடின் முனை நடுவிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது பிடிக்கும் நீளத்தைப் போல் 15 மடங்கு. ஆக, முனை 7.5 மில்லிமீட்டர் ஆடும். பிளேடு தடதடவென்று துள்ளும், துடைக்காமல் கோடு விடும். வண்டிக்காரர் ரப்பர் கெட்டது என்று நினைத்து இன்னொரு பிளேடு வாங்குவார். அதுவும் துள்ளும். மேலும் கீழும் ஆடும் சுதந்திரம் பிளேடுக்கு வேண்டும், கண்ணாடியின் வளைவைப் பின்பற்ற அது அவசியம். முறுக்கும் பக்கவாட்டு ஆட்டமும் ஆகாது.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதிக் கேஸ்களில் ஆர்மின் அளவிலிருந்துதான். முனை கொக்கி மாதிரி வளைந்த பழைய ஆர்ம்கள் இங்கே சாலையில் இன்னும் ஏராளம். அவை 9 மில்லிமீட்டர் அகலத்தில் வரும், தடிமனோ 3 மில்லிமீட்டர், இல்லையென்றால் 4. இரண்டுக்கும் ஒரே அடாப்டர், அதாவது ஆர்முக்கு ஏற்ப மாட்டும் இணைப்புத் துண்டு, என்று செய்தால், 3 மில்லிமீட்டர் கொக்கிக்கு ஒரு மில்லிமீட்டர் சும்மா கிடக்கும். அதோடு பெயின்ட் தடிமன், வளைவின் உள் ஆரம், துரு என்று வண்டிக்கு வண்டி மாறும். எல்லா ஆர்மும் வரைபடத்தில் உள்ள மாதிரியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் ஏதாவது ஒரு பழைய வண்டி உடைக்கும் கடைக்குப் போய் இருபது ஆர்ம் வாங்கி, வெர்னியரில் அளந்து பாருங்கள். அங்கே போய்வந்த பிறகு என் வரைபடங்களில் எல்லா அளவுகளும் மாறின.

நாக்கின் நீளத்தைக் குறைப்பதும் பலர் செய்யும் தவறு. இணைப்பு தாழ்வாக, அழகாக, காற்றில் சிக்காமல் இருக்க வேண்டும் என்பார்கள், நியாயம்தான். நாக்கை 10 மில்லிமீட்டரிலிருந்து 6-க்குக் குறைப்பார்கள். வளையும் அளவு 0.8, தடிமன் 1.2 என்றால், 10 மில்லிமீட்டர் நாக்கின் அடியில் இழுபடும் அளவு சுமார் 1.4 சதவீதம். 6 மில்லிமீட்டரில் அது 4 சதவீதமாகிவிடும். நீளம் பாதியானால் இழுபடுவது நான்கு மடங்கு. ஒருமுறை மாட்டித் தாங்கும், மூன்றாம் முறை அடியில் வெள்ளைக் கோடு விழும், பிறகு ஒடியும். இடம் இல்லையென்றால் நாக்கைத் திருப்பி மடித்துப் போடலாம், முனையை நோக்கி மெலிதாக்கலாம். அடிமூலையில் கூர்மை இல்லாமல் தடிமனில் பாதி அளவுக்காவது வளைவு கொடுங்கள். பூட்டிய பிறகு நாக்கு தளர்வாக ஓய்ந்திருக்க வேண்டும். வளைந்தபடியே பூட்டி வைத்தால் வெயிலில் பிளாஸ்டிக் அந்த வளைவிலேயே பழகிவிடும், பிடி தளர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் என்றதும் ஊர் விஷயத்துக்கு வர வேண்டும். ஒரே பிளேடு டர்பனிலும் ஜோகனஸ்பர்கிலும் விற்கிறது. டர்பன் கடலோரம், புழுக்கம், உப்புக் காற்று. ஜோகனஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும் இரவில் உறைபனியும். நைலான் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். இங்கே அது ஊதி மெத்தென்றாகும், அங்கே காய்ந்து முறுகும். டர்பனில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால் அங்கே மாட்டும்போதே ஒடிகிறது. அசிடால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஈரத்தை அதிகம் வாங்காது, நாக்குக்கு அது நல்லது. ஆனால் வெயிலுக்கு ஆகாது, அதனால் கரிப்பொடி கலந்த கருப்பு ரகம்தான் எடுக்க வேண்டும். வெள்ளை, சாம்பல் நிறத்தில் செய்து காட்டச் சொல்லும் விற்பனைக்காரர்களிடம் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பிளேடு மேலும் கீழும் ஆடுவதற்கான குறுக்கு ஆணி சாதாரண முலாம் பூசிய இரும்பென்றால் கடலோரத்தில் துருப்பிடித்து இறுகும். இறுகினால் பிளேடு ஆடாது, ஆடாவிட்டால் கண்ணாடியின் வளைந்த ஓரங்கள் துடைபடாது.

கரும்பு வெட்டும் காலத்தில் இன்னொன்று. தோட்டத்துக்குத் தீ வைத்தால் கருப்புச் சாம்பல் காற்றில் பறந்து வண்டியெல்லாம் படியும். வடக்குக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாம்பல், மணல், தண்ணீர் எல்லாம் இணைப்பின் உள்ளே போய்க் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் லாக் நாக்கு கீழே போகாது. நாக்குக்குக் கீழே ஒரு துளை, அடியில் திறந்த பள்ளம், இவ்வளவு போதும், அடுத்த மழையே கழுவிவிடும். எல்லாவற்றையும் மூடி அழகாக்கியவர்களின் இணைப்பில்தான் சேறு தங்குகிறது.

இடது வலது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீயரிங் வலப்பக்கம். சில தட்டை பிளேடுகளின் காற்றுத் தடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், இடப்பக்க ஸ்டீயரிங் ஊருக்குச் செய்ததை இங்கே மாட்டினால் காற்று அதைக் கண்ணாடியிலிருந்து தூக்கும். பிளேடு ஒரு பக்கச் சாய்வு என்றால் இணைப்பும் தலைகீழாக மாட்ட முடியாதபடி இருக்கட்டும். முடிந்தால் இரண்டையுமே சமச்சீராக்குங்கள்.

மேசையில் மட்டும் சோதிப்பது இன்னொரு குறை. மேசையில் ஆர்ம் சும்மா கிடக்கும், சுற்றிலும் இடம் இருக்கும். வண்டியிலோ பானெட்டின் விளிம்புக்குள் ஆர்ம் பாதி மறைந்திருக்கும், முழுதாகத் தூக்க முடியாது. பிளேடை 90 டிகிரி திருப்பினால்தான் நுழையும் என்று வடிவமைத்திருந்தால் அங்கே திருப்ப இடமே கிடைக்காது. இரண்டு கையும் பிளேடில் இருக்கும்போது ஆர்ம் வழுகிக் கண்ணாடியில் விழும், ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடி விரிசல் விடும். ஒரு கையால் ஆர்மைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் முடிக்கக்கூடிய இணைப்பாக இருக்க வேண்டும். அதுவரை, பிளேடு மாற்றுபவர்கள் கண்ணாடியில் ஒரு மடித்த துண்டைப் போட்டு வையுங்கள்.

ஒரே பிளேடு எல்லா வண்டிக்கும் என்று நான்கைந்து அடாப்டரைப் பையில் போட்டுக் கொடுப்பதையும் சொல்லியாக வேண்டும். கடைக்காரருக்கு அது வசதி, வாங்குபவருக்கு அது புதிர். கோயில் அக்காவின் பையிலும் நான்கு இருந்தன, மாட்டியிருந்தது தவறான ஒன்று. விற்கும் ஊரில் அதிகம் ஓடும் ஆர்ம் எதுவோ அதற்கான அடாப்டரைப் பிளேடிலேயே மாட்டிக் கொடுங்கள். மற்றவற்றின் மேல் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். ஆர்மின் முனையை அதே அளவில் படமாக அட்டையில் போட்டால், அட்டையை ஆர்மின் பக்கத்தில் வைத்தே ஆள் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியில் கழற்றுவது. இதை யாரும் சோதிப்பதே இல்லை. டர்பனில் குளிர்காலம் வறட்சி, மே முதல் ஆகஸ்டு வரை வைப்பர் பக்கமே யாரும் போக மாட்டார்கள். செப்டம்பரில் முதல் மழை வரும்போதுதான் ரப்பர் விறைத்திருப்பது தெரியும். ஒரு வருடம் வெயிலும் உப்பும் தின்ற லாக்கை அப்போது விரலால் அழுத்த வேண்டும். பொத்தான் சுண்டைக்காய் அளவில் இருந்தால் ஆள் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார், நெம்புவார், உடையும்.

நாங்கள் இப்போது புது இணைப்பு ஒவ்வொன்றையும் கரும்புச் சாம்பலும் மணலும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, கையைச் சோப்புத் தண்ணீரில் நனைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். காகிதம் கிடையாது, விளக்கம் கிடையாது. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். போன முறை வந்தவரின் கட்டைவிரல் நேராகப் பொத்தானுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது, மூன்று முறை அங்கேயே அழுத்தினார். அடுத்த அச்சில் பொத்தானை அந்தப் பக்கத்துக்கு மாற்றினோம். அதே ஆள் இரண்டாம் முறை வந்து, பேசிக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்தார்.