ஜெர்மனியில் வேகவைக்காத சவர்க்ரவுட்: வாங்குவதும் வீட்டில் போடுவதும்

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவில்லையே என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. மாவுக்கு 28, 30 டிகிரி வேண்டும். வீட்டுக்குள் 19, 20-தான் இருக்கும். அந்த 19, 20 டிகிரிதான் முட்டைக்கோஸ் புளிக்கத் தோதான சூடு. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியாவேதான் சவர்க்ரவுட்டின் (உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) முதல் சில நாட்களையும் நடத்துகிறது. ஆகவே, மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே புதிதாகப் பழக வேண்டியவை இரண்டுதான்: கடையில் லேபிளைப் படிப்பது, வீட்டில் உப்பை எடை போடுவது.

கடையில் எதை எடுப்பது

ஆல்டி, லிடில், ரேவே, எடேகா என எங்கே போனாலும் சவர்க்ரவுட் கிடைக்கும். ஆனால் சாதாரண அலமாரியில் அடுக்கிய தகர டப்பா, கண்ணாடி பாட்டில், பை எல்லாம் பெரும்பாலும் சூடுபடுத்திப் பதப்படுத்தியவை. அவையும் முறையாகப் புளித்தவைதான், சமைக்க நன்றாகவே இருக்கும். உயிரோடிருக்கும் பாக்டீரியா மட்டும் அவற்றில் இருக்காது. பாட்டிலில் விற்கும் சவர்க்ரவுட் சாறும் பெரும்பாலும் இதே ரகம்.

வேகவைக்காதது வேண்டுமானால் குளிர்பெட்டிப் பக்கம் போங்கள். பயோ (இயற்கை விளைபொருள்) கடைகளிலும் ரிஃபார்ம்ஹவுஸ் என்ற ஆரோக்கிய உணவுக் கடைகளிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். குளிர்பெட்டியில் இருக்கிறது என்பதற்காகவே அது பச்சையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். லேசாகச் சூடுபடுத்திய பைகளும் அங்கேயே தொங்கும். லேபிளில் முதலில் தேட வேண்டியது ‘ரோ’ (ஆர், ஓ, ஹெச் என மூன்றே எழுத்து, பச்சையானது என்று பொருள்) அல்லது ‘நிஷ்ட் பாஸ்டோய்ரிஸியர்ட்’ (சூடுபடுத்திப் பதப்படுத்தாதது). முன்னே ‘நிஷ்ட்’ இல்லாமல் ‘பாஸ்டோய்ரிஸியர்ட்’ மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். ‘மில்ஷ்ஸவர்’ என்று எழுதியிருந்தால் லாக்டிக் அமிலத்தில் புளித்தது என்று மட்டுமே பொருள். பிறகு சூடுபடுத்தினார்களா என்பதை அந்தச் சொல் சொல்லாது. காலாவதித் தேதியும் துப்புக் கொடுக்கும். டப்பாவுக்கு வருடக்கணக்கில் போட்டிருப்பார்கள், பச்சையானதற்கு வாரக்கணக்கில்தான். பை லேசாக உப்பியிருந்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்க வேண்டாம், உள்ளே இன்னும் புளித்துக்கொண்டிருக்கலாம்.

பொருள் பட்டியலில் வைஸ்கோலும் (வெள்ளை முட்டைக்கோஸ்) உப்பும் மட்டும் இருந்தால் உத்தமம். ‘எஸ்ஸிஷ்’ என்றால் வினிகர். அது புளிக்கவைத்ததல்ல, புளிப்பு ஊற்றியது. ‘வைன்ஸவர்க்ரவுட்’டில் ஒயின் சேர்ந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘ஷ்பெக்’ (உப்பிட்ட பன்றிக் கொழுப்பு), ‘ஷ்மால்ட்ஸ்’ (உருக்கிய பன்றி அல்லது வாத்துக் கொழுப்பு) ஆகிய சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சமைத்து மசாலா சேர்த்து வரும் டப்பாக்களில் இவை இருக்கலாம். உணவகத்தில் உருளைக்கிழங்கோடு வரும் சவர்க்ரவுட்டைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கொழுப்பில் வதக்குவதுதான் இந்த ஊர்ப் பழக்கம்.

வாரச்சந்தைகளில் பீப்பாயிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுப்பார்கள். “இஸ்ட் தஸ் ரோ?” என்று கேட்டால் போதும். பெர்லினுக்குத் தெற்கே ஷ்ப்ரேவால்ட் பகுதியில் லுப்பெனாவ் போனால், வெள்ளரி ஊறுகாயோடு இதையும் பீப்பாய் பீப்பாயாக வைத்திருப்பார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்குள்ள ஃபில்டர் மேட்டுநிலத்தில் கூம்பு வடிவில் ஒரு முட்டைக்கோஸ் விளைகிறது. நரம்பு மெல்லிசு, ருசி இதம். லைன்ஃபெல்டன்-எக்டர்டிங்கனில் அக்டோபரில் இதற்கென்று திருவிழாவே உண்டு. சூப்பர்மார்க்கெட்டில் ‘ஷ்பிட்ஸ்கோல்’ என்று விற்கும் சிறிய கூம்புக் கோஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பொரியலுக்கு அருமை, நீண்ட நாள் புளிப்புக்கு மிருது அதிகம்.

போலந்து, ரஷ்யக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். ‘கபுஸ்தா கிஷோனா’ என்று வாளியிலோ பையிலோ வருவது இதே வகை. ரஷ்யப் பக்குவத்தில் கேரட் துருவல் சேரும். துருக்கிக் கடைகளின் கோஸ் ஊறுகாயில் பெரும்பாலும் வினிகர் இருக்கும், பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் போடுவது

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் கோஸ் சிறந்தது: கெட்டி, சாறு அதிகம், இனிப்பும் அதிகம். அந்த இனிப்புதான் அமிலமாக மாறுகிறது. கோடையின் ஆரம்பத்தில் வரும் லேசான தலைகள் சீக்கிரம் தொளதொளத்துவிடும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும்.

2 கிலோ தலை ஒன்று எடுங்கள். வெளி இலைகள் இரண்டு மூன்றை உரித்து, சுத்தமான ஒன்றை மட்டும் தனியே வையுங்கள். உள்ளே கழுவத் தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா இலையிலேயே இருக்கிறது. நடுத்தண்டை எடுத்துவிட்டு 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்குங்கள். நறுக்கியதை நிறுத்தால் சுமார் 1.7 கிலோ வரும். இந்த எடைக்குத்தான் உப்பு, முழுத் தலையின் எடைக்கு அல்ல.

உப்பு 2 சதவீதம். 1.7 கிலோவுக்கு 34 கிராம். கை அளவு, கரண்டி அளவு இரண்டையும் இந்த ஒரு விஷயத்தில் மறந்துவிடுங்கள். மேசைக்கரண்டி நைஸ் உப்பு 17, 18 கிராம் இருக்கும். அதே கரண்டியில் கரடான உப்பு குறைந்துபோகும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது மேல். 1.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கோஸ் குழைகிறது, வேண்டாத கிருமிகளும் இடம்பிடிக்கின்றன. 3 சதவீதத்தைத் தாண்டினால் லாக்டிக் பாக்டீரியாவே தடுமாறி, உப்பைத் தாங்கும் ஈஸ்டுகள் முந்திக்கொள்ளும். அயோடின் சேர்த்த உப்பிலும் புளிக்கும். ஆனாலும் அயோடின் இல்லாத, கட்டிபிடிக்காமலிருக்க எதுவும் கலக்காத உப்பே நல்லது, நீர் கலங்காமல் இருக்கும்.

உப்பைத் தூவி அரை மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு எட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்ட வேண்டும், அதுதான் பதம். வாசனைக்குப் பத்து ஜூனிபர் காய்கள், ஒரு பிரிஞ்சி இலை. இந்த ஊர்க்காரர்கள் க்யும்மல் சேர்ப்பார்கள், பார்க்கச் சீரகம் மாதிரியே இருக்கும், மணம் முற்றிலும் வேறு. நம் சீரகம் வேண்டுமானால் ‘க்ரொய்ட்ஸ்க்யும்மல்’ என்று பார்த்து வாங்க வேண்டும். பச்சை மிளகாய், இஞ்சி போட்டாலும் தவறில்லை.

இந்த அளவுக்கு ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டு போதும். ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள ‘ப்யூகெல்கிளாஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாயு சேர்ந்தால் வளையம் தானாகவே விட்டுவிடும், வெளிக்காற்று உள்ளே வராது. திருகு மூடி என்றால் முதல் வாரம் தினமும் ஒருமுறை லேசாகத் தளர்த்தி இறுக்க வேண்டும். மறந்தால் பாட்டில் வெடிக்கவும் கூடும். அலுமினியப் பாத்திரம் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பீங்கான் ஜாடியில் போடலாம், மேற்பூச்சில் ஈயம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். 5 லிட்டருக்கு மேல் போடுகிறவர்கள் வாயைச் சுற்றி நீர் வாய்க்கால் உள்ள ‘கேர்டாப்ஃப்’ வாங்கலாம். வாய்க்காலில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே அதில் பாதி வேலை.

கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சப்பாத்திக் கட்டையின் முனையால் குத்திக் குத்தி அடையுங்கள். இடையில் காற்று தங்கக் கூடாது. மேலே நாலு விரல் இடம் விட்டு, எடுத்துவைத்த இலையை மடித்து மூடி, கனம் வையுங்கள். கண்ணாடி எடை இல்லையென்றால், சின்னப் பிளாஸ்டிக் பையில் உப்புநீர் ஊற்றிக் கட்டி வைக்கலாம். பை கிழிந்தாலும் உப்பு நீர்த்துப்போகாமல் இருக்க அதுவும் 2 சதவீதக் கரைசலாகவே இருக்கட்டும். மறுநாள் காலையில் நீர் கோஸை மூடாமல் இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்பு கரைத்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரே போதும்.

பாட்டிலின் கீழே தட்டு வைப்பது கட்டாயம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நீர் பொங்கி வழியும். அந்த நாட்களில் வாடை கொஞ்சம் கந்தகமாகவே இருக்கும். அறையைப் பகிர்ந்து வாழ்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயில் படவும் வேண்டாம். லியூகோனோஸ்டாக் வாயுவை விட்டுக்கொண்டே புளிப்பைக் கூட்டும். புளிப்பு அதற்கே தாங்காமல் போகும்போது லாக்டோபேசிலஸ் வகைப் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்று 3.5 பிஹெச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். 24 டிகிரிக்கு மேல் போனால் முதல் கட்டம் அவசரமாக முடிந்து, புளிப்பு மட்டும் மிஞ்சும், மணம் வராது. வாடை நல்ல புளிப்பாக மாறும் வரை முதல் வாரம் அறையிலும், பிறகு வீட்டோடு ‘கெல்லர்’ என்ற நிலவறை இருந்தால் அங்கேயும் வைக்கலாம். 14-ஆம் நாள் முதல்முறை ருசி பாருங்கள். 20 டிகிரியில் நாலு வாரத்தில் தயார், 15 டிகிரியில் ஆறேழு வாரம் ஆகும். நடுவில் அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது.

தயிர், இட்லி மாவு, பழைய சவர்க்ரவுட் நீர் எதையும் உறையாகச் சேர்க்க வேண்டாம். தயிர் பாக்டீரியா பாலுக்குப் பழகியது. பழைய நீரோ முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கவைத்து, கோஸைக் குழையவிடும்.

கெட்டதா, இல்லையா

மேலே வெள்ளையாக, தட்டையாக, சுருக்கம் விழுந்த ஆடை படர்ந்தால் அது ‘காம்’ ஈஸ்ட். வழித்து எடுத்துவிட்டு, கோஸ் முழுக்க நீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்; கீழே உள்ளதைச் சாப்பிடலாம். பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி முளைத்தால் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலே மட்டும் எடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கோஸே இளஞ்சிவப்பாக மாறினால் உப்பு அதிகம், அல்லது ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. அதையும் கொட்ட வேண்டியதுதான். மேல் அடுக்கு பழுப்பானால் காற்றுப் பட்டிருக்கிறது, அந்த அடுக்கை எடுத்தால் போதும். குழைந்தால் சூடு அதிகம் அல்லது உப்பு குறைவு. நீர் வழவழப்பானாலும் சூட்டைச் சந்தேகியுங்கள். முதல் வாரத்துக்குப் பின் குமிழி நின்றுபோவது இயல்பு.

பயமாக இருந்தால் மருந்துக்கடையில் பிஹெச் தாள் வாங்கி நனைத்துப் பாருங்கள். 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் (உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு) கிருமி வளராது. இரண்டு வாரம் ஆன சவர்க்ரவுட் அதைவிடவும் நன்றாகவே இறங்கியிருக்கும். அழுகல் வாடை அடித்தால் தாள் என்ன சொன்னாலும் கொட்டிவிடுங்கள்.

சாப்பிடும்போது

தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதிலாகத் தொட்டுக்கொள்ளலாம். தோசைக்குள்ளும் வைக்கலாம், தோசையை எடுத்த பிறகு. கடுகு, கறிவேப்பிலை தாளிப்பதானால் எண்ணெய் ஆறிய பிறகே கொட்டிக் கிளறுங்கள். வாணலியில் போட்டு வதக்கினால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பாக்டீரியா போய்விடும். உப்பு தூக்கலாக இருக்கிறதென்று அலசாதீர்கள், நீரோடு புளிப்பும் போகும். கொஞ்சமாக எடுத்துக்கொள்வதே வழி.

பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் நாளைக்கு இரண்டு கரண்டி போதும், இல்லாவிட்டால் வாயுத் தொல்லை. 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருப்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு இருக்க வேண்டும். மார்க்குமார், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள், மனச்சோர்வுக்கு எம்ஏஓ தடுப்பான் வகை மருந்து எடுப்பவர்கள், ஹிஸ்டமின் ஒவ்வாதவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

வீட்டில் தொட மறுத்தால் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் உத்தி இருக்கிறது. 1768-இல் கிளம்பிய எண்டெவர் கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வராமலிருக்க இதை ஏற்றியிருந்தார்; மாலுமிகள் முகம் சுளித்தார்கள். உடனே தினமும் அதிகாரிகளின் மேசையில் பரிமாறச் சொல்லிவிட்டு, மாலுமிகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

தயாரானதும் சின்னப் பாட்டில்களுக்கு மாற்றி, நீருக்குள் அமுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சுத்தமான, உலர்ந்த முள்கரண்டியால் எடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பாக்டீரியாவில் ஒரு பகுதி தங்கும், மொறுமொறுப்பு தங்காது.