பெற்றவளைக் காட்டினால் பிள்ளை போய்விடுமா?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி முதல் நாள் சொந்தமெல்லாம் கூடும். அப்படிக் கூடிய ஒரு வீட்டில், "உன்னைப் பெத்தவ அதோ உக்காந்திருக்கா பாரு" என்று பாட்டி ஒருவர் பத்து வயதுப் பையனிடம் சொல்லிவிட்டார். தங்கையின் பிள்ளையை அக்கா தத்தெடுத்திருந்தார். அதுவரை பெற்றவள் அவனுக்குச் சித்தி. அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

ஊருக்கெல்லாம் தெரிந்ததைப் பிள்ளையிடம் மட்டும் மறைப்பதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. காரணம் பயம். 'தெரிந்தால் அவளிடமே போய்விடுவானோ?' 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது. பிள்ளையே நினைத்தாலும் முடியாது. சரி, மனசு கேட்க வேண்டுமே? அமெரிக்காவில் மின்னசோட்டா-டெக்சாஸ் ஆய்வில் 190 வளர்ப்புக் குடும்பங்களைக் கவனித்தார்கள். பெற்ற தாயோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தவர்களுக்கே, அவள் திரும்பக் கேட்பாள் என்ற பயம் குறைவாக இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவளிடம் என்ன பயம்?

எதற்காகத் தத்தெடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். "ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் வயிற்றிலும் ஒன்று தங்கும்", "கடைசிக் காலத்தில் கொள்ளி போட ஆள் வேண்டும்" என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையிடம் எதையோ எதிர்பார்த்து எடுத்தவர்களுக்குப் பெற்றவள் எப்போதும் போட்டிக்காரியாகவே தெரிவாள். "நான் இல்லையென்றால் நீ தெருவில்தான்" என்று கோபத்தில் சொல்வதும் அங்கிருந்துதான் வருகிறது. தயவுசெய்து அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

'பெற்றவளை நேரில் தெரியும், அவளே சம்மதித்துத் தருகிறாள்' என்று புரோக்கர் மூலம் குழந்தை வாங்குவது, பெற்றவளை மறைக்காமல் தொடர்பில் வைத்திருக்கும் வெளிப்படையான தத்து ஆகாது. அது குற்றம். இளைஞர் நீதிச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. பணம் கைமாறியிருந்தால் தண்டனை இன்னும் கூடும். உறவுக்குள் இல்லையென்றால் தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்து காத்திருங்கள். 2022 முதல் தத்து ஆணையைக் கலெக்டரே தருகிறார்.

அந்த வழியில் வரும் குழந்தையின் பெற்றோர் விவரம் ரகசியம். அதற்காக "உங்க அம்மா செத்துட்டா" என்று கதை கட்டாதீர்கள். தெரிந்ததைச் சின்ன வயதிலிருந்தே, தூங்கவைக்கும்போது சொல்லும் கதைபோலச் சொல்லிவாருங்கள். 18 வயதானதும் தன் பிறப்பைத் தேட அவர்களே விண்ணப்பிக்கலாம். அப்போது கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்க அந்தத் தத்து ஃபைல் பீரோவில் பத்திரமாக இருக்க வேண்டும்.