பழைய டீசல் என்ஜின் மாடல்கள்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் பழைய மாடல் ரயில் தேடி அலைபவர்களில் ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. தாத்தா செந்தூல் பட்டறையில் வேலை பார்த்திருப்பார், அப்பா பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்திருப்பார். வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தையில் ஒரு டீசல் என்ஜின் கண்ணில் பட்டால் மனம் அங்கேயே நின்றுவிடும். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வெள்ளியை எண்ணிக் கொடுப்பதுதான் கவலை.

பெரும்பாலான குழப்பத்துக்கு ஒரே காரணம்தான்: மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். இது எந்த நிஜ என்ஜினின் உருவம்? இந்த மாடலைச் செய்தது யார்? எந்தக் காலத்துத் தயாரிப்பு? ஒன்றின் விடை மற்றொன்றைச் சொல்லாது. மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

வண்ணத்தையும் எண்ணையும் நம்புவது

சாண்டா ஃபே ரயில்வேயின் சிவப்பு-வெள்ளி வண்ணம் கண்ணைப் பறிக்கும். அதனாலேயே பொம்மைத் தயாரிப்பாளர்கள் அதைக் கிடைத்த என்ஜின் மேலெல்லாம் பூசி விற்றார்கள். அந்த ரயில்வேயிடம் இல்லாத என்ஜின்கூட அந்த வண்ணத்தில் கிடைக்கும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண், அந்த ரயில்வே தன் வண்டிக்குக் கொடுத்த வரிசை எண்தான், என்ஜின் வகையின் பெயர் அல்ல.

வகையைச் சொல்வது உடலமைப்பு. அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் செய்த நிஜ என்ஜின்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அச்சு இருந்தால் ஜிபி, ஆறு அச்சு இருந்தால் எஸ்டி. அடுத்து, கூரையின் பின்கோடியில் ரேடியேட்டர் விசிறிகளைப் பாருங்கள். ஜிபி38-இல் இரண்டு, ஜிபி40-இல் மூன்று. 2000 குதிரைத்திறன் கொண்ட ஜிபி38-இல் டர்போ கிடையாது. ஜிபி40-இல் டர்போ உண்டு, திறன் 3000. சூடு கூடுவதால் விசிறியும் கூடுகிறது. ஜிபி35-இல் இரண்டு பெரிய விசிறிகளுக்கு நடுவே ஒரு சிறியது இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஜிபி30-க்கோ விசிறியையே எண்ண வேண்டாம், ஓட்டுநர் அறைக் கூரையில் இருக்கும் திமிலே போதும். புதியவர்கள் சறுக்கும் இடம், கூரையின் நடுவில் டைனமிக் பிரேக்குக்காக (இழுக்கும் மோட்டார்களைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் பிரேக்) இருக்கும் விசிறியையும் சேர்த்து எண்ணுவது. அது விருப்ப உறுப்பு. ஒரே வகை என்ஜின் அது உள்ளதாகவும் இல்லாததாகவும் வரும். கணக்கில் சேர்க்காதீர்கள்.

"இது கேடிஎம் கிளாஸ் 20" என்ற பேச்சு

நம் ஊருக்கே உரிய தவறு இது, மனசைத் தொடுகிற தவறும்கூட. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கிளாஸ் 20 என்ஜின்கள் 1957-இல் மலாயா ரயில்வேக்கு, அதாவது இன்றைய கேடிஎம்முக்கு, வந்தன. ஆறு அச்சு, 1500 குதிரைத்திறன். அதே நிறுவனம் அதே 1957-இல் பிரிட்டிஷ் ரயில்வேக்கும் ஒரு டீசலைக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் அங்கே அதற்கும் கிளாஸ் 20 என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அதில் நான்கே அச்சு, 1000 குதிரைத்திறன், ஒரு பக்கம் மட்டும் ஓட்டுநர் அறை. மாடல் நிறுவனங்களான லீமாவும் பாக்மனும் செய்தது இந்தப் பிரிட்டிஷ் வண்டியைத்தான். பெட்டியில் "கிளாஸ் 20" என்று படித்துவிட்டு, தாத்தா பழுதுபார்த்த வண்டி என்று வாங்கிவிடாதீர்கள். அச்சை எண்ணினாலே உண்மை தெரிந்துவிடும்.

கேடிஎம் வண்ணம் பூசிய மாடல் கிடைத்தால் சக்கர இடைவெளியை அளந்து பாருங்கள். நம் தண்டவாளம் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்காக, சரியாகச் செய்தால் 12 மி.மீ. பாதையில் ஓட வேண்டும். 16.5 மி.மீ. பாதையை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும், அது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய அகலம். எனவே அந்தப் பாதையில் ஓடும் "கேடிஎம்" என்ஜின் அடிப்பாகத்தை வேறு ஏதோ மாடலிடம் கடன் வாங்கியிருக்கலாம், அல்லது வெறும் வண்ணம் மாற்றியதாக இருக்கலாம். அழகாகச் செய்திருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அது என்ன என்று தெரிந்து வாங்குங்கள்.

ஒரே பாதையில் ஓடுவதால் ஒரே அளவு என்று நினைப்பது

எச்ஓ என்பது 1:87, பிரிட்டிஷ் ஓஓ என்பது 1:76. இரண்டும் 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடும், ஒப்பிடும்போது தடுமாறுவது இதனால்தான். நிஜத்தில் அமெரிக்க எஸ்டி40-2 ஏறக்குறைய 21 மீட்டர் நீளம், பிரிட்டிஷ் கிளாஸ் 37 அதைவிட இரண்டு மீட்டருக்கு மேல் குட்டை, 18.75 மீட்டர்தான். மாடலாக மேசையில் வைத்தால் எச்ஓ எஸ்டி40-2 சுமார் 241 மி.மீ., ஓஓ கிளாஸ் 37 சுமார் 246 மி.மீ. குட்டை என்ஜின் நீளமாகிவிடுகிறது! ஆகவே அடிக்கோலால் அளந்து, அளவு விகிதத்தால் பெருக்கி, நிஜ நீளத்தோடு ஒத்துப்பாருங்கள். லீமாவிடம் கூடுதல் கவனம் தேவை. 1970களில் அது தன் முதல் பிரிட்டிஷ் மாடல்களை 1:87-இல் செய்துவிட்டுப் பிறகுதான் ஓஓவுக்கு மாறியது.

நீளம் சரியாக இருந்தும் அகலம் பொய் சொல்லலாம். நீலப் பெட்டியில் வந்த ஏதர்ன் நிறுவனத்தின் பழைய ஜிபி9, ஜிபி35 மாடல்களில், உள்ளே மோட்டாருக்கு இடம் வேண்டும் என்று மேலோட்டை அகலமாகவே வார்த்தார்கள். இன்றைய நுணுக்கமான மாடலுக்குப் பக்கத்தில் வைத்தால் உப்பலாகத் தெரியும். அது பழுதல்ல, அந்தக் காலத்து வார்ப்பின் இயல்பு. உழைப்பிலும் இழுவையிலும் அந்த நீலப் பெட்டி என்ஜின்களை நான் இன்றும் மதிக்கிறேன்.

பெட்டியின் பெயரோடு நின்றுவிடுவது

பெட்டியில் உள்ள பெயர் பல சமயம் இறக்குமதி செய்தவருடையது. ஏஎச்எம் பெயரில் வந்தவற்றில் இத்தாலியின் ரிவரோசி செய்ததும் உண்டு, யுகோஸ்லாவியாவின் மெஹானோ செய்ததும் உண்டு. அட்லஸ் பெயரில் 1970களில் வந்தவற்றை ஆஸ்திரியாவின் ரோகோவும், 1980களில் வந்த பலவற்றை ஜப்பானின் காட்டோவும் செய்தன. கவிழ்த்து அடிப்பாகத்தில் நாட்டின் பெயரைப் படியுங்கள். யுகோஸ்லாவியா என்று இருந்தால் அந்த நாடு உடைவதற்கு முந்தைய மாடல். போகியை, அதாவது அடியிலுள்ள சக்கரத் தொகுதியை, தள்ளிப் பார்த்தால் உந்துவிசை எங்கே என்று தெரியும். எல்லா அச்சும் இயங்கும் மாடலையும், டைக்கோ போல ஒரு போகி மட்டும் இயங்கும் மாடலையும் விலையில் ஒன்றாக வைக்கக் கூடாது.

ஓடவில்லை என்றதும் ஒதுக்குவது, ஓடியதும் மயங்குவது

சந்தைக்குப் போகும்போது 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு ஒயரும் எடுத்துப் போங்கள். சக்கரங்களில் தொட்டுப் பார்த்தால் போதும். மோட்டார் முனகிவிட்டு நின்றால் உடனே ஒயரை எடுத்துவிடுங்கள், கிரீஸ் இறுகியிருக்கலாம். சுத்தம் செய்தால் உயிர் வந்துவிடும். அடிப்பாகத்தின் நடுவில் நீளமான உலோகச் சறுக்குப் பட்டை இருந்தால் அது மார்க்லின் ஏசி என்ஜினாக இருக்கும். அது சாதாரண டிசி பாதைக்கு உரியது அல்ல, செத்ததும் அல்ல.

லைஃப்-லைக் புரோட்டோ 2000 வரிசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல என்ஜின்கள் வீணாவது இங்கேதான். ஓடும்போது சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்" சத்தம் வரும், வண்டி சற்றுக் குதிக்கும். மோட்டார் போய்விட்டது என்று பாகத்துக்காகப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. உண்மையில் அச்சின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கியர் காலப்போக்கில் சுருங்கி வெடித்திருக்கும். வெடித்த இடத்தில் இரண்டு பற்களுக்கிடையே இடைவெளி கூடிவிடுவதால் அந்தத் தட்டல் வருகிறது. ஏதர்ன் அச்சு கியர் இதற்கு அப்படியே பொருந்தும். கியரை மாற்றிவிட்டால் அந்த வரிசையைப் போல மென்மையாக ஓடுகிற பழைய மாடல் குறைவு. இந்தச் சத்தம் கேட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய லீமாவில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். சந்தையில் நன்றாக ஓடியது, வீட்டில் கோட் 75 போன்ற மெல்லிய தண்டவாளத்தில் தட்டித் தட்டிப் போகும்.

கடைசியாக, என்ஜினோடு சேர்த்துத் தரும் அமெரிக்கப் பவர் பேக். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டுச் சுவரில் வருவது 230-240 வோல்ட். பிளக்கை மாற்றிச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும், தீ பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதை அலமாரியில் வைத்துவிட்டு, 230-240 வோல்ட்டுக்கு ஏற்ற, 12 வோல்ட் டிசி தரும் கண்ட்ரோலர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.